உப்பும் மருந்தும்

மருந்து என்ற பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உடனே தோன்றிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தது வேதவாக்கு, அதைப் பற்றிக் கேள்வி கேட்பதே அபசாரம் என்பது ஒரு கட்சி. இங்கிலீஷ் மருந்து அத்தனையும் விஷம், ஒரு வியாதியைப் போக்கி ஒன்பது வியாதியைக் கொண்டு வரும் என்பது மற்றொரு கட்சி. ஜுரத்துக்கும் தலைவலிக்கும் இந்தக் கட்சிச் சண்டையால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இரு தரப்பாரும் வாதாடி முடிப்பதற்குள் ஜுரம் தானாகவே இறங்கிவிடும். மனத்தைப் பற்றிய வியாதிகளில் அப்படி அல்ல. அங்கே வாதத்துக்கு நடுவில் ஒரு மனிதன், கையில் மாத்திரையுடன், விழுங்குவதா எறிவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறான்.

திருத்தணியில் குடியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. மலைமேல் இருக்கும் முருகப் பெருமானைச் சொல்லவில்லை. அவர் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் பெயரால் பேசுகிறவர்களைச் சொல்கிறோம். "மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருக்கச் சொல்லுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களில் நாலு பேருக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே அவர்களுக்குப் பதில் சொல்வது கடினமாயிருக்கிறது.

நாம் டாக்டர் அல்ல. கலாசாலையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்கு உப்பும் அமிலமும் கற்பித்து வருகிறோம். அப்படிப்பட்ட நாம் மனநோய் மருந்தைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம், நம் தமக்கையின் மகன். தகப்பனார் இல்லாத பிள்ளை. நம் வீட்டில்தான் வளர்ந்தான். இருபத்திரண்டாவது வயதில் ஒரு மாசி மாதத்தில், அவன் தூங்குவதை நிறுத்திவிட்டான். முதலில், பரீட்சைக்குப் படிக்கிறான் என்று மகிழ்ந்தோம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து திருப்பதி வரையில் தான் கட்டப்போகும் ஆஸ்பத்திரிகளின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தான். கண்ணில் அப்படி ஒரு பிரகாசம். வாயில் அப்படி ஒரு வேகம். கடனுக்கு மூன்று மோட்டார் சைக்கிள் வாங்க முன்பணமும் கொடுத்திருந்தான். இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, குளிக்கவும் எழுந்திருக்க மறுத்தான். "நான் இருப்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம், மாமா?" என்று அவன் கேட்டபோது வீட்டில் இருந்த கயிறுகளையும் மருந்துப் புட்டிகளையும் எடுத்து ஒளித்து வைத்தோம்.

உச்சிக்கு ஏறுவதும் பாதாளத்துக்கு இறங்குவதுமான இந்த வியாதியை இக்கால வைத்திய நூல்கள் இருமுனை மனநோய் என்கின்றன. மனநிலையைச் சமனாக நிறுத்தும் மருந்துகள் என்று சில உண்டு. அவற்றில் மிகப் பழையதும், இன்றும் பல வைத்தியர்கள் முதலில் நினைப்பதும் லித்தியம் என்னும் ஓர் உப்பு. சென்னையில் நாம் அழைத்துச் சென்ற டாக்டர் அம்மாள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் பையன் பழைய பையன் ஆனான். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். மருந்து பலித்தது. அப்புறம்தான் நம் அக்காளுக்குப் பயம் பிடித்தது. "இவ்வளவு பலமாய் வேலை செய்கிற மருந்து உடம்பை என்ன செய்யுமோ, தம்பி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ரசாயனம் படித்தவனுக்கு லித்தியம் புதியவன் அல்ல. தனிமங்களின் அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே, அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சோடியம் என்பது நம் சமையல் உப்பில் பாதி. இந்த உறவுதான் கதையின் சாரம். நம் உடம்பில் சிறுநீரகம் என்னும் வடிகட்டி, சோடியத்தையும் லித்தியத்தையும் ஏறக்குறைய அண்ணன் தம்பிகளாகவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் தாராளமாக இருந்தால் இரண்டையும் தடையின்றி வெளியேற்றுகிறது. உப்பு குறைந்தாலோ, வியர்வையிலும் பேதியிலும் தண்ணீர் வற்றினாலோ, "உப்பை விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு பிறக்கிறது. அது சோடியத்தைப் பிடிக்கிறபோது கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடுகிறது. விழுங்கிய மாத்திரை நேற்றைய மாத்திரைதான். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுகிறது.

அந்த அளவுக்கோ இடம் மிகக் குறுகியது. ஒரு லிட்டர் ரத்த நீரில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் விஷத்தின் குறிகள் தொடங்கும். 2-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. அமிர்தத்துக்கும் ஆலகாலத்துக்கும் இடையில் ஒரு மடங்குகூட வித்தியாசம் இல்லை. இத்தகைய மருந்தை ஆபத்தில்லாதது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்தானது, ஆகையால் வேண்டாம் என்று எவரேனும் சொன்னால், அதையும் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த மருந்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்று ஒரு டாக்டர் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சாங்கி முகாமில் மூன்று வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர். விடுதலையாகி ஊர் திரும்பி, மெல்போர்னுக்கு அருகில் ஒரு சிறிய மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஆராய்ச்சிச் சாலை என்று சொல்ல அவரிடம் இருந்தது உபயோகமில்லாத ஒரு சமையல் கூடமும் சில கினிப் பன்றிகளும்தான். வேறொன்றைத் தேடப்போய், லித்தியம் உப்பு அந்தப் பிராணிகளைச் சாந்தப்படுத்துவதைக் கண்டார். தாமே விழுங்கிப் பார்த்தார். பிறகு 1948-இல், பல வருஷங்களாக உன்மத்தத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குக் கொடுத்தார். அந்த மனிதர் சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார். கேட் இதை 1949-இல் பத்திரிகையில் எழுதினார்.

இதோடு நின்றிருந்தால் அது அற்புதக் கதை. நிற்கவில்லை. வீடு திரும்பிய அந்த மனிதர், இனி எதற்கு மருந்து என்று விட்டுவிட்டார், வியாதி திரும்பியது, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மறுபடி மருந்து. 1950-இல் அந்த மருந்தே ரத்தத்தில் மிஞ்சி அவர் இறந்து போனார். விட்டால் என்ன ஆகும், மிஞ்சினால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் ஒரே மனிதர் சாட்சி.

அதே 1949-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வேறொரு விபரீதம் நடந்தது. இருதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் உப்பைத் தள்ளச் சொல்லியிருந்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அமெரிக்க நாக்குக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அவர்களுக்காக, உப்புக்குப் பதில் உப்பு என்று லித்தியம் குளோரைடைச் சீசாவில் அடைத்துக் கடைகளில் விற்றார்கள். ஜனங்கள் சாப்பாட்டில் தூவித் தூவிச் சாப்பிட்டார்கள். பலர் விஷமேறி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். சர்க்கார் அவசரமாகத் தடுத்தது. உப்பைத் தள்ளிய உடம்பில் லித்தியம் எப்படித் தங்கும் என்று மேலே சொன்னோமே, அதற்கு இதைவிடக் கொடிய சோதனை வேண்டாம். இதன் பிறகு அமெரிக்க டாக்டர்கள் லித்தியம் என்ற பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள். அந்தத் தேசத்தில் அதற்கு முறையான அனுமதி 1970-இல்தான் கிடைத்தது.

மருந்தைக் காப்பாற்றியது யார்? புதிய மருந்தைக் கண்டுபிடித்தவர் எவரும் அல்ல. பழைய மருந்தை அளந்தவர்கள். மெல்போர்ன் சர்வகலாசாலையில் டிராட்னர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், சுடரில் உப்பு எரியும் நிறத்தைக் கொண்டு ரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் காணும் முறையைக் கையாண்டார்கள். (நம் வகுப்பில் பிள்ளைகள் லித்தியத்தைச் சுடரில் காட்டிச் செக்கச் சிவந்த ஒளியைக் கண்டு ஆரவாரிப்பார்களே, அதேதான்.) 1951-இல் அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அப்புறம் டென்மார்க் தேசத்தில் மோகன்ஸ் ஸ்கௌ என்பவர் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே உப்பைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய சொந்தத் தம்பியே திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வால் துன்பப்பட்டவர் என்பதையும், அவருக்கு இம்மருந்து பலித்தது என்பதையும் படித்தபோது, நமக்கு அந்த டாக்டரிடம் ஒரு பந்துத்துவமே உண்டாகிவிட்டது.

நிற்க. நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சென்ற வருஷத்துக்கு முந்திய டிசம்பர் 31-ஆம் தேதி, படித்திருவிழா. மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒரு படி. பஜனை கோஷ்டிகள் ஒவ்வொரு படியாக நின்று பாடிக்கொண்டு ஏறும். பையனும் சிநேகிதர்களுடன் ஏறினான். இறங்கும்போது முழங்கால் பிசகிக்கொண்டது. மறுநாள் ஒரு மருந்துக் கடையில் போய் வலிக்கு மாத்திரை கேட்டான். கடைக்காரர் டாக்டர் சீட்டும் கேட்கவில்லை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றும் கேட்கவில்லை. டைக்ளோஃபெனாக் பத்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டார். ஆறாம் நாள் காலையில் அக்காள் கவனித்தாள்: பையன் கையில் காப்பித் தம்ளர் நடுங்கிற்று. லேசான விரல் நடுக்கம் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு, இது வேறு. காப்பி தரையில் சிந்தும் நடுக்கம். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, இரண்டு தரம் வாந்தியும் எடுத்தான். அவனை வண்டியில் போட்டுக்கொண்டு சென்னைக்கு ஓடினோம். ரத்தத்தில் லித்தியம் 1.8. நாலு நாள் நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றி, மருந்தை நிறுத்தி, சிறுநீரகத்தைச் சோதித்து, பிறகு குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். பிழைத்தான்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் முதலிய வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலையை மந்தப்படுத்தி லித்தியத்தைத் தேங்க வைக்கின்றன. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளும் அப்படியே. வலிக்குப் பாரசிட்டமால் இந்த வகையில் தொந்தரவு செய்வதில்லை. இந்த நாலு வரியை ஒரு சிறு அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு லித்தியம் டப்பாவிலும் போட்டுக் கொடுத்தால் என்ன செலவு ஆகிவிடும் என்று நாம் பல தடவை யோசித்ததுண்டு.

அக்காளுக்கு அன்றோடு மருந்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அடுத்த ஆடி நெருங்கியபோது ஒரு நாள் இரவு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, ஆடிக் கிருத்திகைக்கு இவனைக் காவடி எடுக்க வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளை சாப்பாடு, உப்பில்லாமல். அந்த நாற்பத்தெட்டு நாளும் மாத்திரை வேண்டாம். உடம்பிலே இருக்கிற விஷமெல்லாம் இறங்கட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகையன்று இந்த ஊரைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேண்டுதலின் பலம் தெரியும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திர தேசத்திலிருந்தும் லட்சக் கணக்கில் ஜனங்கள் மஞ்சள் ஆடையும் புஷ்பக் காவடியுமாக வந்து குவிவார்கள். சரவணப் பொய்கையில் குளித்து, "அரோகரா" என்று ஏறும் அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறாள். அவளிடம் போய்ச் சோடியம் என்றும் மில்லிமோல் என்றும் சொல்ல யாருக்கு நா எழும்? ஆனால் உப்பில்லாத உணவும், ஒரு வேளைப் பட்டினியும், திருத்தணி வெயிலும், படியேற்றமும் ஒன்று சேர்ந்தால், லித்தியம் சாப்பிடுகிற உடம்பில் என்ன நேரும் என்பதை மேலே படித்த நேயர்களே சொல்லிவிடுவார்கள். (கோடையில் வானிலை அறிக்கை படிக்கிறவர்களுக்கு நம் ஊர் வெயிலைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.) மருந்தைத் திடீரென்று நிறுத்தினாலோ, அதற்கு வேறு பலன். சில மாதங்களுக்குள்ளாகவே வியாதி, பெரும்பாலும் உன்மத்த ரூபத்தில், முன்னைவிட வேகமாய்த் திரும்பக்கூடும். ஆகவே அக்காளின் யோசனையில் இரண்டு ஆபத்தும் சேர்ந்தே இருந்தன.

மூவருமாக டாக்டர் அம்மாளிடம் போனோம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அக்காளைப் பார்த்து, "அம்மா, காவடி எடுக்கட்டும். நான் தடுக்கவில்லை. உப்பைத் தள்ள வேண்டாம்; திடீரென்று கூட்டவும் வேண்டாம். தினம் சாப்பிடுகிற அதே உப்பு, அதே அளவு. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். விடியுமுன் ஏறி வெயில் ஏறுமுன் இறங்கிவிடட்டும். வாந்தி பேதி கண்டால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்னால் ரத்தத்தைப் பார்த்துவிடுவோம்" என்றார்.

"உப்போடு விரதமா?" என்று அக்காள் முணுமுணுத்தாள். திரும்பி வரும்போது அரக்கோணம் வரையில் அவள் பேசவில்லை. ரயில் நம் ஊரை நெருங்கும்போது, "அவன் உப்புப் போட்டே சாப்பிடட்டும். அவனுக்குப் பதிலாக உப்பில்லா விரதத்தை நான் இருக்கிறேன்" என்றாள். அப்படியே இருந்தாள். நாற்பத்தெட்டு நாளும் அவள் இலையில் உப்பு விழவில்லை. பையன் இரண்டு வேளையும் சாம்பார் சாதம் சாப்பிட்டு, ஒரு கூஜா தண்ணீருடன் காவடி எடுத்தான். அதற்கு முந்திய வாரத்தில் ரத்த அளவு 0.7.

உப்புக்காக 1930-இல் வேதாரண்யம் வரையில் நடந்த தேசம் இது. ஒரு பிடி உப்பில் என்ன இருக்கிறது என்று நம்மை யாரும் கேட்க முடியாது!

இங்கே இன்னொரு கட்சிக்காரரையும் கவனிக்க வேண்டும். "இங்கிலீஷ் மருந்துதானே இத்தனை தொல்லை? நாட்டு மருந்தில் பக்க விளைவே கிடையாது" என்பவர் அவர். சுதேசி விஷயத்தில் நாமும் எவருக்கும் பின்வாங்குகிறவர்கள் அல்ல. ஆகையால் சர்ப்பகந்தியின் கதையைச் சொல்கிறோம். பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் தேசத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்த வேர் அது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அந்த வேரைச் சோதித்து, மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது உதவுகிறது என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பில் அதன் குணத்தை விரிவாக எழுதி உலகத்தின் கவனத்தை இழுத்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் மனநோய் ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்துப் பார்த்தார். பாரத தேசத்து வேர் உலகத்தின் மனநோய் வைத்தியத்தையே மாற்றத் துணை செய்தது. பெருமைப்படலாம், படுகிறோம். ஆனால் அதே வேரின் சத்தைச் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று அக்கால டாக்டர்கள் எழுதினார்கள். அது எவ்வளவு பரவலாக நேர்ந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் விவாதித்தார்கள். ரத்தக் கொதிப்பு அளவுக்கு மீறி இறங்குவதைப் பற்றி விவாதமே இல்லை. வேலை செய்கிற எந்த மருந்தும், வேராயிருந்தாலும் உப்பாயிருந்தாலும், உடம்பிடம் அதன் விலையைக் கேட்கிறது. நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லவே! பத்தியம் என்ற ஒரு சாஸ்திரத்தையே அதற்காக ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

மருந்தே வேண்டாம் என்றால் தராசின் மறு தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. தர்காவில் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டு வந்து விட்டவர்கள் அவர்கள். கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து மடிந்தார்கள். தர்காவையோ கோயிலையோ நாம் குறை சொல்லவில்லை. நாமே ஒரு கோயில் ஊரில் இருக்கிறோம். சிகிச்சை இல்லாத இடத்தில் சங்கிலி வந்து நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறோம். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அடியோடு விலக்கியிருக்கிறது.

தற்கொலை விஷயமும் உண்டு. லித்தியம் அதைக் குறைக்கிறது என்று பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கூறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆகவே அது முடிந்த வழக்கு என்று நாம் சாதிக்க மாட்டோம். வியாதி திரும்புவதைத் தடுப்பதில் அதற்குள்ள பலம்தான் உறுதியாக நிற்கிறது. நம் வீட்டில் கயிறுகளை மறுபடி எடுத்துக் கொடிகட்டத் துணிந்தது அதை நம்பித்தான்.

லித்தியம் ஒன்றுதானா மருந்து என்றால், இல்லை. வால்ப்ரோயேட் என்று ஒன்று உண்டு. 1882-இலேயே செய்யப்பட்ட ஒரு திரவத்தை, வேறு மருந்துகளைக் கரைப்பதற்காகப் பிரான்சில் உபயோகித்தபோது, 1962-இல் அந்தத் திரவமே வலிப்பை அடக்குவதைக் கண்டார்கள். பிறகு மனநோய்க்கும் பயன்படுத்தினார்கள். லித்தியத்தைப்போல் அடிக்கடி அளக்க வேண்டிய கவலை இதில் குறைவு. அதனாலேயே டாக்டர்களின் பேனா இதன் பக்கம் சுலபமாகச் சாய்கிறது. ஆனால் பெண்களுக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துக்கு அங்கக் குறைகள் நேர்கின்றன; மற்றக் குழந்தைகளில் அது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். பத்துக்கு மூன்று நாலு குழந்தைகளுக்குப் பேச்சும் புத்தியும் வளர்வதில் தடை உண்டாகிறது. ஃபோலிக் அமிலம் சாப்பிடுவதால் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பிரிட்டனில் 2018 முதல், கர்ப்பத்தடை ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று விதித்தார்கள்.

நம்மிடம் படித்த ஒரு பெண்ணின் கதை இது. நன்றாகக் கணக்குப் போடுவாள். பத்தொன்பது வயதில் இந்த வியாதி வந்தது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு டாக்டர் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார். கலியாணம் எப்போது, குழந்தை வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. பெற்றோர்கள் சொல்லவும் இல்லை. வியாதியை மறைத்துக் கலியாணம் முடித்தார்கள். புக்ககத்தில் தெரியாமல் மாத்திரையைப் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்து அவள் விழுங்கினாள். மூன்றாம் மாதம் கர்ப்பம் தெரிந்தபோது பயந்துபோய் நம் மனைவியிடம் வந்து அழுதாள். உடனே மாத்திரையை எறிந்துவிடச் சொல்லவும் முடியாது. தொடரச் சொல்லவும் முடியாது. இரண்டு டாக்டர்கள் கூடி யோசித்து மருந்தை மாற்றினார்கள். குழந்தை பிறந்தது; முதுகுத் தண்டில் குறையுடன் பிறந்தது. அந்தக் குறைக்கு மருந்துதான் காரணம் என்று ஒரு குழந்தையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த முதல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன என்ற எண்ணம் நமக்கு இன்னும் போகவில்லை.

நம் ஊரில் எலும்பு முறிந்தால் எல்லை தாண்டிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். அதை ஒருவரும் ஒளிப்பதில்லை. தொங்கும் கையோடு ஊர் முழுவதும் வலம் வருவார்கள். மனத்தில் முறிவு ஏற்பட்டால் மட்டும் புடவைக்கு நடுவில் ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைத்த மருந்தை யார் அளப்பது, யார் கவனிப்பது?

மேலே சொன்ன 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தனக்குக் கொடுக்கும் சிகிச்சை என்ன, அதன் பக்க விளைவுகள் என்ன என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆகவே டாக்டரைக் கேட்பது அபசாரம் அல்ல. முதலில் பெற வேண்டியது சிறுநீரகம், தைராய்டு இரண்டின் பரிசோதனை. லித்தியம் பல வருஷங்களில் இந்த இரண்டையும் மெதுவாகத் தாக்கக்கூடும். அளவு மாற்றினால் ஒரு வாரத்தில் ரத்தம். அளவு நிலைத்த பிறகு மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கையை நீட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதைப் பரிசோதனைச் சாலைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, எத்தனை மாத்திரை, ரத்த அளவு, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று நாலு பத்தி. தூக்கப் பத்தியை அக்காள் எழுதுகிறாள். அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். வியாதி திரும்புகிறதா என்பது பையனுக்கு முன்னால் அந்தப் பத்திக்குத் தெரிந்துவிடுகிறது. இரவிலே திடீரென்று யோசனை கேட்கவேண்டுமானால் 14416 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. 2022 முதல் மத்திய சர்க்கார் நடத்தி வரும் டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டார் தெலுங்கில் பேசினார்கள்.

நமக்கு மிஞ்சியிருக்கும் குறை ஒன்றுதான். லித்தியம் மாத்திரையின் விலை அற்பம். அதை அளப்பதுதான் பாடாக இருக்கிறது. இங்கே நாம் ரத்தம் கொடுக்கும் பரிசோதனைச் சாலை அதைச் சென்னைக்கு அனுப்புகிறது. முடிவு வர இரண்டு நாள் ஆகிறது. காப்பித் தம்ளர் நடுங்கும் நாளில் இரண்டு நாள் என்பது மிக நீண்ட காலம். சர்க்கரையை அளக்கும் கருவி இன்று ஒவ்வொரு தெருவுக்கும் வந்துவிட்டது. லித்தியத்தை அளக்கும் கருவி ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று பையன் நம் ஜில்லா அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறான். தமிழில் ஒரு பிரதி, எல்லைக்கு அப்பால் அனுப்பத் தெலுங்கில் ஒரு பிரதி. முதல் நகலில் நாலு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தோம், நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டான்.